பஞ்சத்தில் தாயைப் பறிகொடுத்தவர் ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தாயானார்!

மும்பையில் இருந்து சென்னைக்குப் போகும் ரெயில் புனேயைத் தாண்டி தௌண்டு சந்திப்பை நெருங்கும் சமயத்தில் கேட்காவ் என்று ஒரு சிறு ஸ்டேஷன் வரும். புனேயில் இருந்து சுமார் 55 கி.மீ. தூரம். வேக வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போகும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள் எத்தனையோ தடவை அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதிலும், மேல் பலகையில் மூட்டையைச் சரி செய்வதிலும் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டிருக்க நியாயம் இல்லை.

அந்தக் கேட்காவில்தான் பண்டித ரமாபாய் அம்மையார் வாழ்ந்தார். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களையும், வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட இளம் விதவைகளையும் கூட்டி வந்து, சோறு போட்டு, எழுத்தும் தொழிலும் கற்றுக் கொடுத்தார். 1900-ம் ஆண்டில் அவருடைய நிழலில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தார்கள். 1922-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி அவர் காலமானார். ஆண்டுதோறும் ஏப்ரல் 5 அவருடைய நினைவு நாள்.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு டோனாவூர் தெரியும். அங்கே ஏமி கார்மைக்கேல் அம்மையாரை "அம்மா" என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவர் அயர்லாந்தில் இருந்து வந்தவர். ரமாபாய் இந்த மண்ணிலேயே பிறந்தவர். வேத சாஸ்திரம் படித்த பிராமணக் குடும்பத்துப் பெண். அவருடைய கதையில் பாதி, நம்முடைய ரெயில் ரேணிகுண்டாவைத் தாண்டும்போது தெரியும் திருப்பதி மலைப் பக்கத்தில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

காட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சம்ஸ்கிருத பண்டிதர். இளமையில் பூனாவில் ராமச்சந்திர சாஸ்திரி என்பவரிடம் படித்தார். அந்தக் குரு பேஷ்வாவின் மனைவிக்கும் சம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்து வந்தார். ஒரு பெண் சுலோகம் சொல்வதைக் கேட்ட இளைஞர் அனந்தருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணும் படித்தால் என்ன என்ற எண்ணம் அன்றைக்கே விழுந்துவிட்டது.

முதல் மனைவி இறந்த பிறகு, அவருக்கு 44 வயது நடக்கும்போது, 9 வயதுச் சிறுமி இலட்சுமிபாயை மணந்தார். (அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.) அந்தச் சிறுமிக்குச் சம்ஸ்கிருதம் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். பெண்ணுக்குத் தேவபாஷையா என்று பண்டிதர்கள் கொதித்தார்கள். உடுப்பியில் பண்டிதர் சபை முன்னால் நின்று, சாஸ்திரங்களில் இருந்தே ஆதாரம் காட்டித் தம் பக்க நியாயத்தைச் சொன்னார். ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் வாழ முடியுமா? மனைவியை அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதிக்குப் போனார். அங்கே ஓர் ஆசிரமப் பள்ளியை அமைத்தார். 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ரமாபாய் பிறந்தது அந்தக் காட்டில்தான்.

மாணவர்கள், யாத்ரீகர்கள், விருந்தாளிகள் என்று வந்தவர் எல்லோருக்கும் சாப்பாடு. சாஸ்திரிக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாது. கடன் கழுத்தை நெரித்தது, நிலபுலன்களை விற்றார். கடைசியில் குடும்பம் காட்டை விட்டே புறப்பட்டது. ரமாபாய்க்கு அப்போது ஆறு மாதம். ஒரு பிரம்புப் பெட்டியில் வைத்து, ஓர் ஆள் தலையில் சுமந்து குழந்தையை மலையில் இருந்து இறக்கினார்கள்.

அன்று தொடங்கிய நடை பதினாறு ஆண்டுகள் ஓயவில்லை. கோவில் கோவிலாகப் போவார்கள். மண்டபத்தில் உட்கார்ந்து புராணம் படிப்பார்கள். கேட்பவர்கள் அரிசி, பழம், காசு வைப்பார்கள். செலவு போக மீதியைத் தானம் செய்துவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பார்கள்.

புத்தகம் இல்லாத பாடம்

இந்த நாடோடி வாழ்க்கையில் ரமாபாய்க்கு ஆசிரியை யார்? தாய் இலட்சுமிபாய்தான். தந்தைக்கு வயதாகிவிட்டது. பகல் முழுவதும் தாய்க்கு வேலை: தண்ணீர் எடுக்க வேண்டும், சமைக்க வேண்டும், நோயாளியைப் பார்க்க வேண்டும். எனவே விடியற்காலையில்தான் பாடம். வெறுந்தரையில் தூங்கும் குழந்தையைக் கொஞ்சி எழுப்பி, கையில் அணைத்துக்கொண்டு சுலோகம் சொல்வார். மகள் திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகம் கிடையாது, பலகை கிடையாது. தாயின் வாய்தான் புத்தகம். எட்டு வயதில் தொடங்கி பதினைந்து வயது வரை இப்படியே நடந்தது. பன்னிரண்டு வயதுக்குள் பதினெட்டாயிரம் சுலோகங்கள் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிற்காலத்தில், 1887-ல், அமெரிக்காவில் இருந்துகொண்டு ரமாபாய் ஒரு நூல் எழுதினார். மேல்சாதி இந்துப் பெண்ணின் நிலைமை பற்றிய ஆங்கில நூல். உலகம் முழுவதும் அவர் பெயரைக் கொண்டுபோன புத்தகம் அது. அதை அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் உதவி செய்திருந்தார்கள். அவர்கள் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. தமக்குப் பாடம் சொல்லித் தந்த தாய் இலட்சுமிபாயின் பெயர்தான் இருந்தது.

பதினோரு நாள் பட்டினி

சென்னை மாகாணத்தில் அந்தக் குடும்பம் சுற்றிக்கொண்டிருந்தபோது பஞ்சம் வந்தது. 1874-ஐ ஒட்டிய காலம். பம்பாய்-சென்னை ரெயில் பாதை 1871-லேயே ரெய்ச்சூரில் இணைந்துவிட்டது. ஆனால் புராணம் படித்துப் பிழைப்பவர்களுக்கு ரெயிலில் போகும் வசதி ஏது? பெரும்பாலும் நடைதான். ஊரே பட்டினி கிடக்கும்போது புராணம் கேட்க யார் வருவார்கள்? வந்தாலும் என்ன வைப்பார்கள்? கைத்தொழில் ஒன்றும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கூலி வேலைக்குப் போகக் குலப்பெருமை விடவில்லை. நகை போயிற்று; பாத்திரம் போயிற்று; உடுத்தியிருந்த நல்ல துணியும் போயிற்று.

கடைசி அரிசி தீர்ந்த நாளில், செத்தாலும் யாரும் பார்க்காத இடத்தில் சாகலாம் என்று திருப்பதிக் காட்டுக்குள் போனார்கள். பதினோரு நாள், பதினோரு இரவு. தண்ணீர், இலை தழை, ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழம். இவ்வளவுதான் ஆகாரம் என்று ரமாபாயே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வயோதிகத் தந்தைக்குக் கண்ணும் தெரியவில்லை. புண்ணிய தீர்த்தத்தில் விழுந்து உயிரை விடுவது என்று முடிவு செய்தார். அப்போது மகன் சீனிவாசன் குறுக்கே வந்து, "சாதிப் பெருமை போகட்டும், நான் கூலி வேலை செய்கிறேன்" என்ற பொருள்படச் சொல்லித் தடுத்தான். காட்டை விட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் தந்தை இறந்தார். சில மாதங்களில் தாயும் போனார்.

தாய் சாகும் தறுவாயில் பசியால் பிதற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒரு ரொட்டித் துண்டு கேட்டு வாங்கி வர ரமாபாய் போனார். வாயைத் திறந்து கேட்க முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது. அந்த வீட்டு அம்மாள் புரிந்துகொண்டு கொடுத்தாள். தாய் இறந்தபின் பாடை தூக்க ஆள் இல்லை. ஏழைப் பிராமணர்களுக்கு யார் வருவார்கள்? கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேர் கிடைத்தார்கள். மகனும் மகளும் சேர்ந்து நான்கு பேர். சுடுகாடு மூன்று மைல் தூரம். ரமாபாய் குள்ளமான உருவம், தோள் எட்டவில்லை. தாயின் பாடையைத் தலையில் வைத்துச் சுமந்தார்.

இந்த இடத்தை மறக்காமல் வைத்துக்கொண்டால்தான் பிறகு கேட்காவில் நடந்தது விளங்கும்.

கல்கத்தாவில் பட்டம், பூனாவில் சங்கம்

அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்தப் பெண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு "பண்டிதா", "சரஸ்வதி" என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு, பிராமணர் அல்லாத வங்காளி வக்கீல் விபின் விஹாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவர் காலரா கண்டு இறந்தார். திருமண வாழ்க்கை முழுசாக இரண்டு வருடம்கூட இல்லை.

இருபத்து மூன்று வயது விதவை. இடுப்பில் பச்சைக் குழந்தை. பூனாவுக்கு வந்தார். ஆரிய மகிளா சமாஜம் என்ற மாதர் சங்கத்தைத் தொடங்கினார். அதே 1882-ல் கல்வி பற்றி விசாரித்த ஹண்டர் கமிஷன் முன்பு சாட்சியம் அளித்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகள் வேண்டும், பெண் டாக்டர்கள் வேண்டும் என்று வாதாடினார்.

தாமே டாக்டருக்குப் படிக்கலாம் என்று 1883-ல் இங்கிலாந்து போனார். காது மந்தம் குறுக்கே வந்து அந்த ஆசையைக் கெடுத்தது. அங்கே வாண்டேஜ் என்ற ஊரில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவர் ஆனார்.

மதம் மாறினாரே தவிர, யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை. மடத்தார் அணியும் சிலுவையில் இலத்தீன் எழுத்து இருந்தது. இந்தியப் பெண்ணுக்கு இலத்தீன் எதற்கு, சம்ஸ்கிருதத்தில் எழுதினால் என்ன என்று கேட்டார். பாதிரியார் சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது என்று கடிதத்துக்கு மேல் கடிதமாக வாதாடினார். கடைசி வரை வெள்ளை நூல் புடவைதான் உடுத்தினார். மரக்கறி உணவுதான் சாப்பிட்டார்.

சாரதா சதன் – இரு பக்கமும் நியாயம்

அமெரிக்காவில் சொற்பொழிவு செய்து ஆதரவு திரட்டினார். பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் அமைந்து பத்து ஆண்டுகளுக்குப் பண உதவி செய்ய முன்வந்தது. 1889-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பம்பாயில் "சாரதா சதன்" தொடங்கியது. இளம் விதவைகளுக்கான விடுதியும் பள்ளியும். அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாறியது.

அங்கே முதன்முதலில் சேர்ந்த விதவைகளில் ஒருவர் கோதுபாய். எட்டு வயதில் தாலி அறுத்தவர். 1893-ல் அவரைத்தான் தோண்டோ கேசவ் கார்வே மறுமணம் செய்துகொண்டார். கார்வே பிறகு விதவைகளுக்கு ஆசிரமம் தொடங்கினார். 1916-ல் மகளிர் பல்கலைக்கழகம் கண்டார். பாரத ரத்னா பட்டம் பெற்றார். சர்ச்கேட் பக்கம் வேலைக்குப் போகும் தமிழர்கள் தினமும் பார்க்கும் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகம் அதுதான். ரமாபாயின் விடுதியில் படித்த ஒரு பெண் அந்த வீட்டின் அம்மாவாக இருந்தார்.

1893-ல் பெரும் தகராறு மூண்டது. சாரதா சதனில் எந்த மதத்தையும் புகுத்துவதில்லை என்பது வாக்கு. ரமாபாய் தம் அறையில் ஜெபம் செய்தார். கதவைச் சாத்தவில்லை. விரும்பிய பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சில பெண்களுக்கு மனமும் மாறியது. திலகரின் "கேசரி" பத்திரிகை கண்டித்து எழுதியது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடேயும் பண்டார்கரும் விலகினார்கள். பல குடும்பங்கள் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன.

இதை மறைத்து எழுதுவது நியாயம் ஆகாது. நம்பிப் பெண்ணை அனுப்பிய பெற்றோருக்குக் கோபம் வந்தது இயற்கை. அதே சமயம், பிரார்த்தனை செய்யும்போது என் அறைக் கதவை நான் ஏன் சாத்த வேண்டும் என்று அவர் கேட்டதற்கும் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. விலகிப் போனவர்களில் பலர் கார்வே போன்றவர்களின் முயற்சிக்கு ஆதரவு தந்தார்கள் என்பது ஒரு நன்மை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912-ஐ ஒட்டி இளம் விதவைகளுக்கு விடுதி கண்டபோது, இந்தப் பாதை ஏற்கெனவே ஓரளவு செப்பனிடப்பட்டிருந்தது.

பஞ்சம் மறுபடியும் அழைத்தது

1896-ல் மத்திய மாகாணத்தில் பஞ்சம். செய்தியைக் கேட்டதும் ரமாபாய்க்குத் திருப்பதிக் காடு நினைவுக்கு வந்துவிட்டது. தாமே புறப்பட்டுப் போனார். பஞ்ச நிவாரண முகாம்களிலும் அநாதை விடுதிகளிலும் அவர் கண்டது பட்டினியை மட்டும் அல்ல. ஆதரவு இல்லாத இளம் பெண்களைத் தள்ளிக்கொண்டு போகப் பொல்லாதவர்கள் அங்கே காத்திருந்தார்கள். காவல் செய்ய வேண்டியவர்களிலும் யோக்கியர் அல்லாதவர்கள் இருந்தார்கள். இதை எல்லாம் அவர் பயப்படாமல் எழுதி வெளியிட்டார்.

எத்தனை பேரைக் கூட்டி வருவது? பூனா விடுதியில் ஐம்பது பேர் அளவுக்குத்தான் ஏற்பாடு. அதற்குப் பணம் தரும் அமெரிக்கச் சங்கத்துக்கும் இந்தப் பஞ்சப் பெண்களுக்கும் சம்பந்தம் இல்லை. கையில் பணம் இல்லை. ஆனாலும் முந்நூறு பேர் என்று மனதில் வைத்தார். கூட்டம் கூட்டமாக ரெயில் ஏற்றி அழைத்து வந்தார். எலும்பும் தோலுமான பிள்ளைகள். தலையில் பேன், உடம்பில் சிரங்கு, வாயில் புண். பலருக்குச் சோற்றைக் கண்டால் ஒளித்து வைக்கும் பழக்கம். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம்.

பூனாவில் அப்போது பிளேக் நோய். புதிய ஆட்களை நகரத்துக்குள் தங்க வைக்க அதிகாரிகள் சம்மதிக்கவில்லை. சாரதா சதனுக்கு வருமானம் வரட்டும் என்று ரமாபாய் சில ஆண்டுகளுக்கு முன்பு கேட்காவில் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். பெண்களை அங்கே கொண்டுபோனார். கட்டடம் ஏது? கொட்டகைகளும் கூடாரங்களும்தான். "முக்தி" என்று பெயர் வைத்தார்.

மூன்று ஆண்டுகள் கழித்து குஜராத்தில் இன்னும் கொடிய பஞ்சம் வந்தது. மறுபடியும் ஆள் அனுப்பினார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1900-ல் ஏறத்தாழ 1,900 பேருக்கு வேளைக்குச் சோறு! ஒரு கல்யாணப் பந்தியைச் சமாளித்தவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். கேட்காவில் அது நாள் தவறாத பந்தி.

தாய் என்றால் சோறு மட்டுமா?

முக்தியில் யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. இதுதான் ரமாபாய் செய்த பெரிய காரியம். கைத்தொழில் தெரியாததால்தானே தம் பெற்றோர் பட்டினி கிடந்து செத்தார்கள்? அந்தப் பாடம் அவருக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்தது அல்ல.

காலையில் எழுத்து வகுப்பு. மீதி நேரத்தில் தொழில். வயல் வேலை, தோட்ட வேலை, பால் கறத்தல், எண்ணெய் ஆட்டுதல், தறி நெய்தல், தையல், பூவேலை, ரொட்டி சுடுதல், தானியம் வறுத்தல், துணி வெளுத்தல், நோயாளியைப் பார்த்தல். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் வேலைகூடக் கற்றுக் கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் செய்து வந்த அச்சுத் தொழிலையும் பெண்கள் கற்றார்கள்.

இவ்வளவு பேரை ஒரு மனுஷி எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? முன்னால் வந்த பெண்கள் பின்னால் வந்தவர்களுக்கு அக்காவாகவும் அம்மாவாகவும் ஆனார்கள். சாரதா சதனில் படித்து முடித்த விதவைகள் முக்தியில் ஆசிரியைகளாகவும் கண்காணிப்பாளர்களாகவும் பொறுப்பு ஏற்றார்கள். ஒருத்தி கையில் ஒரு கூட்டம் குழந்தைகள்: குளிப்பாட்ட, பேன் பார்க்க, பாடம் சொல்ல. வீட்டுக்குள் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட விதவைக்கு இங்கே பத்துப் பதினைந்து பேர் "அக்கா" என்று பின்னால் ஓடி வந்தார்கள்.

வீடுகளுக்கு அவர் வைத்த பெயர்களும் நமக்குப் பழகிய சொற்கள்தான். தவறி விழுந்த பெண்களுக்கு "கிருபா சதன்". வயதான, ஆதரவற்ற மாதருக்கு "பிரீதி சதன்". பார்வை இல்லாதவர்களுக்குத் தனி வீடு. 1899-ல் பெரிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1905-ல் அங்கே எழுந்த பிரார்த்தனை எழுச்சி கிறிஸ்தவ உலகம் எங்கும் பேசப்பட்டது. சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எண்ணெய்ச் செக்கையும் தறியையும் பற்றி இரண்டு வரியோடு விட்டுவிடுகிறார்கள். அந்தச் செக்கும் தறியும் இல்லாவிட்டால் ஜெபத்துக்கு வந்து உட்கார அந்தப் பெண்கள் உயிரோடு இருந்திருப்பார்களா?

சொந்த மகள்

ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தாயாக இருந்தவர், பெற்ற மகளுக்கு எப்படி இருந்தார்? இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை.

மனோரமா தகப்பன் முகம் அறியாதவள். இரண்டு வயதில் கப்பல் ஏறி இங்கிலாந்து போனாள். தாய் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசப் போனபோது, குழந்தை இங்கிலாந்துக் கன்னியர்களிடம் வளர்ந்தது. எந்த முறையில் மகளுக்கு மதபோதனை செய்வது என்பதில் தாய்க்கும் அந்தக் கன்னியர்களுக்கும் சச்சரவுகூட வந்தது. பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு மும்பையில் வேலை பார்க்கும் தாய்மாருக்கு அந்த நிலைமையைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

வளர்ந்த பின் மனோரமா முக்தியில் தாயின் வலது கையானார். பார்வை இல்லாதவர்கள் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தை அமெரிக்காவில் கற்று வந்து, முக்தியில் இருந்த பார்வையற்ற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1912-ஐ ஒட்டி, அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த குல்பர்காவில் ஒரு பள்ளியைத் தாயும் மகளும் தொடங்கினார்கள். மனோரமா அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். (நம்முடைய ரெயில் சோலாப்பூரைத் தாண்டிப் போய் நிற்கும் குல்பர்காதான் அது. இன்றைய பெயர் கலபுர்கி.) தமக்குப் பின் முக்தியை மகள் நடத்துவாள் என்று தாய் நம்பியிருந்தார்.

1921-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி மனோரமா இறந்துவிட்டார். வயது நாற்பது. தாய், தந்தை, அக்காள், அண்ணன், கணவன் எல்லோரையும் வழியனுப்பி வைத்த ரமாபாய், அறுபத்து மூன்றாம் வயதில் மகளையும் வழியனுப்பினார். காது ஏறக்குறைய கேட்காது. உடம்பு தளர்ந்துவிட்டது. முக்தியின் முழுப் பாரமும் மறுபடியும் அவர் தலையில். அதன் பிறகு அவர் இருந்தது ஒன்பது மாதம்கூட இல்லை.

இன்றும் இயங்குகிறது

முக்தி மிஷன் கேட்காவில் இன்றும் இருக்கிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் அங்கே வாழ்கிறார்கள். பள்ளியும் மருத்துவமனையும் நடக்கின்றன. ஆங்கில அரசாங்கம் 1919-ல் அம்மையாருக்கு "கெய்சரி ஹிந்த்" பதக்கம் வழங்கியது. சுதந்திர இந்தியாவின் தபால் இலாகா 1989-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது. புனே-தௌண்டு பாசஞ்சர் வண்டிகள் கேட்காவில் நிற்கும். பார்க்க விரும்புகிறவர்கள் அதில் போய் வரலாம்.

கடைசி வேலை

வாழ்க்கையின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ரமாபாய் ஒரு காரியத்தைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்ப்பது. ஏற்கெனவே மராத்தி வேதாகமம் இருந்தது. ஆனால் அதில் படித்தவர்களுக்குத்தான் விளங்கும் சொற்கள் அதிகம் என்பது அவர் எண்ணம். பஞ்சத்தில் இருந்து வந்த பட்டிக்காட்டுப் பெண்ணுக்கும் புரிய வேண்டும் என்று நினைத்தார். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதினால் போதாது என்று, வயதான காலத்தில் எபிரேயமும் கிரேக்கமும் கற்றுக்கொண்டார். பதினெட்டாயிரம் சுலோகம் மனப்பாடமாகத் தெரிந்த பண்டிதை, தமக்குத் தெரிந்த பெரிய பெரிய சம்ஸ்கிருத வார்த்தைகளைத் தாமே தேடித் தேடி விலக்கினார். அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை என்பது உண்மைதான்.

அச்சுக்கூடமும் முக்திக்குள்ளேயே இருந்தது. பஞ்ச முகாம்களில் இருந்து எழுத்து வாசனை இல்லாமல் வந்த பெண்கள் அங்கே அச்சுக் கோத்தார்கள், பிழை பார்த்தார்கள், மையிட்டார்கள். ரமாபாய் மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு 1922 ஏப்ரல் 5-ந் தேதி கண்ணை மூடினார். மிச்சம் இருந்த பாரங்களை அந்தப் பெண்கள் அச்சடித்தார்கள். தாள் மடித்து, தைத்து, அட்டை கட்டினார்கள். 1924-ல் முழு வேதாகமமும் வெளிவந்தது.